டெல் முகவரியும் இருபது சிவப்பு விளக்குகளும்: கமைலியோவோடு ஒரு வருடம்

பொள்ளாச்சியில் ஐம்பது படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு 1998லிருந்து டெலிபோன் வேலை பார்க்கிறேன். அப்போது இபிஏபிஎக்ஸ் காலம், அதாவது கட்டடத்துக்குள் எல்லா போனையும் வயரால் இணைக்கிற பெட்டி. வரவேற்பு மேசையில் இருக்கும் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கன்சோல் உண்டு. வரிசையாகப் பட்டன்கள், பட்டனுக்கு ஒரு குட்டி விளக்கு. லேப்பில் யாராவது போன் பேசினால் லேப் விளக்கு சிவப்பாகும், வைத்ததும் அணையும். அக்கா அதைத் தலை திருப்பிப் பார்க்கக்கூட மாட்டார். ஓரக்கண்ணில் தெரிகிற சிவப்பை வைத்தே "டாக்டர் லைன்ல இருக்காருங்க, ரெண்டு நிமிஷம் இருங்க" என்பார். இருபது வருடத்துக்கு மேல் அந்த விளக்குகள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அந்தக் கன்சோலைக் கழற்றி, கணினி நெட்வொர்க்கில் ஓடும் ஐபி போன்கள் வைத்த பிறகு நடந்ததையும், கடைசியில் போன்களுக்கு நடுவே செய்தி கடத்தும் கமைலியோ என்கிற இலவச மென்பொருள் அதை எப்படிச் சரிசெய்தது என்பதையும் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு, முக்கியமாக டெலிபோன் நம்பரையே முகவரியாக வைத்துக் கட்டப்பட்ட சேவைகளை நிறுவப் போகிறவர்களுக்கு, இது ஒரு வாரத்தையாவது மிச்சப்படுத்தும்.

முதலில் வாங்கியது ஒரு வாடகைச் சேவை. பெட்டி எங்கேயோ இருக்கும், நம்மிடம் போன்கள் மட்டும். பெயர் வேண்டாம். முப்பத்தெட்டு போன், அதில் வரவேற்பறையில் இரண்டு பெரிய போன், ஒவ்வொன்றிலும் இருபது விளக்குப் பட்டன். எல்லா இணைப்புக்கும் முழு நம்பர் கொடுத்தார்கள், +91 4259 என்று தொடங்கும் நம்பர். போன்களுக்கு அமைப்புக் கோப்பும் அவர்களே அனுப்பினார்கள். பேச்சு தெளிவாக இருந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இருபது பட்டனில் ஒன்றுகூட எரியவில்லை.

"ஏனுங்ண்ணா, வெளக்கு ஒண்ணுமே எரியமாட்டேங்குதுங்களே. பழைய பொட்டிய ஏனுங் கழட்டுனீங்க?" என்று அக்கா கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த விளக்கு வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். பழைய கன்சோலுக்குப் பெட்டியிலிருந்து தனி வயர் போகும். யார் பேசுகிறார்கள் என்று பெட்டிக்கே தெரியும், அது விளக்கை ஏற்றும். ஐபி போன்கள் சர்வரோடு செய்தி பரிமாறும் முறைக்குச் சிப் என்று பெயர். அதில் போன்தான் கேட்டு வாங்க வேண்டும். வரவேற்பறை போன் சர்வருக்கு ஒரு சப்ஸ்கிரைப் அனுப்பும். பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது மாதிரிதான்: "லேப் நம்பரின் பேச்சு நிலையை எனக்கு ஒரு மணி நேரத்துக்கு அனுப்பிக்கொண்டிரு." சர்வர் சரி என்று சொல்லிவிட்டு, நிலை மாறும்போதெல்லாம் ஒரு நோட்டிஃபை அனுப்பும். மணி அடித்தால் ஒன்று, எடுத்தால் ஒன்று, வைத்தால் ஒன்று. இந்தச் சந்தா முறையை 2002இல் வகுத்தார்கள், 2012இல் ஆர்எஃப்சி 6665 என்று திருத்தி எழுதினார்கள். ஆர்எஃப்சி என்பது இணைய முறைகளை எழுதி வைக்கும் எண்ணிட்ட ஆவணம். பேச்சு நிலையை எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதை 2005இல் வந்த ஆர்எஃப்சி 4235 சொல்கிறது. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 3600 வினாடி என்பதும் அதில்தான் இருக்கிறது. இந்த ஒரு மணி நேரக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். அதில் நான் அடிபட்டேன்.

சந்தா கட்டும்போது யாருடைய நிலை வேண்டும் என்பதற்கு ஒரு முகவரி கொடுக்க வேண்டும். அந்தச் சேவை கொடுத்த கோப்பில் பட்டன்களில் இருந்தது சிப் முகவரி அல்ல, டெல் முகவரி. சிப் முகவரியில் ஆளும் ஊரும் இருக்கும்: இன்ன நம்பர், @ குறி, இன்ன சர்வர். டெல் முகவரியில் டெல் என்ற சொல்லும் நம்பரும் மட்டும்தான். ஊர் கிடையாது. தபால் அட்டையில் பெயரை மட்டும் எழுதிப் பெட்டியில் போடுகிற மாதிரி. எந்த ஊருக்கு அனுப்புவது என்று தபால்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். அது தப்பில்லை, அதற்கென்று உருவானதுதான். நம்பரை எந்தக் கம்பெனி வைத்திருக்கிறது என்று கூப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. 2004 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 3966 இதை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. நம்ம பாக்கெட்டில் இருக்கும், 4ஜி வழியாகப் பேசுகிற வோல்ட்டி செல்போனும் நெட்வொர்க்கில் பதியும்போது, உனக்குச் சேர்ந்த முகவரிகள் இவை என்று ஒரு பட்டியலைத் திரும்ப வாங்குகிறது. சிப் முகவரியோடு டெல் முகவரியும் அதில் இருக்கும். ஆகவே இது ஏதோ மூலையில் கிடக்கும் விசித்திரம் அல்ல.

எஸ்என்கிரெப்பைத் திறந்து பார்த்தேன். சிப் வேலை செய்கிறவர்கள் யாரிடமாவது இந்தக் கருவி இல்லை என்றால் இன்றைக்கே ஏற்றிக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் ஒவ்வொரு செய்தியும் அம்புக்குறியோடு போவதும் வருவதும் தெரியும். இருபது சப்ஸ்கிரைப் போகிறது, இருபதுக்கும் 416 திரும்புகிறது. இந்த வகை முகவரி எனக்குப் புரியாது என்று அர்த்தம். அதே டெல் முகவரிக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது! கூப்பிடுவதற்குப் புரிகிற முகவரி, சந்தாவுக்குப் புரியவில்லை. அழைப்புக்கு ஒரு நிரல், சந்தாவுக்கு இன்னொரு நிரல். முதலாவதில் டெல்லைக் கையாளும் வரியை எழுதியவர்கள் இரண்டாவதில் விட்டுவிட்டார்கள் என்றுதான் ஊகிக்க முடிந்தது. படத்தோடு அனுப்பினேன். போனை மாற்றிப் பாருங்கள் என்று பதில் வந்தது. ஒன்பது நாள் கழித்துச் சரிசெய்துவிட்டோம் என்றார்கள்.

மறுபடி எஸ்என்கிரெப். இப்போது எல்லாவற்றுக்கும் 200, சரி. நோட்டிஃபையும் வந்தது. எல்லா விளக்கும் பச்சை. அக்காவுக்கு நிம்மதி, எனக்கும்தான். பிற்பகலில் ஒரு குழந்தைக்கு இழுப்பு என்று ஒரு அப்பா கூப்பிட, அக்கா பச்சையைப் பார்த்து டியூட்டி டாக்டர் லைனுக்கு மாற்றிவிட்டிருக்கிறார். டாக்டர் அந்த லைனில் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தார். அந்த அப்பா காத்திருந்து, அறுந்து, மறுபடி கூப்பிட்டு, ஐந்தாறு நிமிடம் போய்விட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எரியாத விளக்கைவிடப் பொய்ப் பச்சை மோசம். எரியாவிட்டால் அக்கா கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார். பச்சை என்றால் நம்பிவிடுவார்.

அன்று இரவு பத்து மணி வரை அங்கேயே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். கோப்பில் இருந்த டெல் முகவரியில் நம்பரைப் படிக்க வசதியாகக் கோடு போட்டிருந்தார்கள்: +91, கோடு, 4259, கோடு, மீதி ஆறு இலக்கம். சந்தா அந்தக் கோடுகளோடு பதிவாகியிருந்தது. டாக்டர் பேசும்போது சர்வர் நிலையை அறிவித்ததோ கோடில்லாத சிப் முகவரியின் பெயரில். சர்வரைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு ஆட்கள். கோடு போட்டவர் இந்த உலகத்தில் யாரோடும் பேசுவதே இல்லை, அதனால் அவர் எப்போதும் சும்மா இருக்கிறார், அதனால் பச்சை.

இந்த இடம்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். டெல் முகவரி இரண்டை ஒப்பிடும்போது கோடு, புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் கண்ணுக்கு அலங்காரம், கணக்கில் எடுக்காதே என்று 3966 சொல்கிறது. கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நம்பர். ஆனால் சிப் முகவரியில் @ குறிக்கு முன்னால் இருக்கும் பகுதியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். கோடு இருந்தால் அது வேறு ஆள். ஆகவே டெல்லைச் சிப்பாக மாற்றும்போது அலங்காரத்தை எடுத்துவிட்டு மாற்றாவிட்டால், ஒரே நம்பர் இரண்டு மனிதராகிவிடும். 2002இல் வந்த அடிப்படை நூலான ஆர்எஃப்சி 3261 இந்த ஆபத்தைத் தனிப் பகுதியாகவே எழுதி, எப்படி மாற்றினால் சிக்கல் வராது என்றும் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தைப் படித்திருந்தால் அந்தப் பச்சை எரிந்திருக்காது.

நம்ம ஊரில் இது இன்னும் சிக்கல். ஒரே போனுக்கு எத்தனை வடிவம் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே மூன்று இலக்கம். ஊருக்குள் ஆறு இலக்கம். கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டால் 04259 சேர்த்து. செல்போனில் சேமித்தால் +91. 2021 ஜனவரி 15இலிருந்து லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்று ஆனதால், டாக்டர்களின் செல் நம்பர்களும் இரண்டு வடிவத்தில் பட்டன்களில் இருக்கின்றன. கூப்பிடும்போது எந்த வடிவத்தில் அடித்தாலும் கடைசியில் மணி அடித்துவிடும், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. சந்தா அப்படி மன்னிக்காது. கேட்ட பெயரும் அறிவிக்கிற பெயரும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மூன்று இலக்க நம்பரை அப்படியே டெல் முகவரியாக எழுதவும் கூடாது. எந்த இடத்தின் 101 என்று சூழலைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி.

சேவைக்காரர்களிடம் மறுபடி எழுதினேன். பட்டன்களில் நானே கையால் கோடில்லாத சிப் முகவரியைப் போட்டேன், எரிந்தது. அன்று இரவே அவர்களுடைய கோப்பு தானாக இறங்கி என் வேலையை அழித்துவிட்டது. அந்த வாரமே ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் பேசி, மூன்று மாதம் முடிந்ததும் அவர்களை நிறுத்தினோம். வெளி லைன் ஆஸ்பத்திரி பெயரிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. நம்பர் எதுவும் மாறவில்லை.

இனி கமைலியோ. ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஃபோக்கஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 2001இல் தொடங்கிய எஸ்இஆர் என்ற சர்வரின் வாரிசு. 2005இல் ஓபன்எஸ்இஆர் என்று பிரிந்து, 2008இல் கமைலியோ ஆனது. ஹவாய் மொழியில் பேசுவது என்று பொருளாம், எனக்குப் பிடித்த பெயர். பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கான இணைப்புகளுக்கு ஓட்டுவது. நான் ஒரு சின்னக் கணினியில், முப்பத்தெட்டு போனுக்கு ஓட்டுகிறேன். குரல் இதன் வழியாகப் போகாது, செய்திகள் மட்டும்தான். வாய்ஸ்மெயிலுக்கும் "எண் ஒன்றை அழுத்தவும்" குரலுக்கும் பின்னால் ஆஸ்டரிஸ்க் என்ற இன்னொரு இலவச டெலிபோன் மென்பொருளை வைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வேலை: எந்த வடிவத்தில் நம்பர் வந்தாலும் வாசலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அழைப்பாக இருந்தாலும் சந்தாவாக இருந்தாலும். கமைலியோவில் சிப்யூட்டில்ஸ் என்ற தொகுதியில் டெல்2சிப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. டெல் முகவரியையும் ஊர்ப் பெயரையும் கொடுத்தால், கோடு, அடைப்புக்குறி எல்லாம் எடுத்து, இது டெலிபோன் நம்பர்தான் என்ற குறிப்பையும் சேர்த்து, சுத்தமான சிப் முகவரியாகத் தரும். ஏற்கனவே சிப்பாக இருந்தால் தொடாது. ஒரே வரி! ஒன்பது நாளும் மூன்று மாதமும் அலைந்தவனுக்கு அந்த ஒரு வரியைப் படித்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று இலக்கம், ஆறு இலக்கம், பூஜ்யத்தில் தொடங்குவது ஆகியவற்றை முழு நம்பராக மாற்ற டயல்பிளான் தொகுதியில் நாலு விதி எழுதினேன். இவற்றை அழைப்புக்கும் சந்தாவுக்கும் பொதுவான இடத்தில் வைத்ததுதான் முக்கியம். தனித்தனியாக எழுதினால் ஒரு நாள் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்போம்.

அடுத்த பாதி, அறிவிக்கிற பெயர். பேச்சு நிலையைப் பார்த்து அறிவிப்பது பியூஏ டயலாக்இன்ஃபோ என்ற தொகுதி. லேப்பில் இருப்பவர் மூன்று இலக்க உள் நம்பரை அடித்துக் கூப்பிட்டால், அது அந்த மூன்று இலக்கத்தின் பெயரிலேயே அறிவித்துவிட வாய்ப்புண்டு. பழைய வியாதி வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும். எந்தப் பெயரில் அறிவிப்பது என்பதை நாமே மாறியில் வைத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அதில் சுத்தமான முழு நம்பரை வைத்தேன். வரவேற்பறையின் இரண்டு போனுக்கும் சேர்த்து நாற்பது சந்தா. ஒரு சனிக்கிழமை மாலை எல்லாம் சரியாக எரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் அணைந்தது. சொன்னேனே, 3600 வினாடி. சந்தாவைப் புதுப்பிக்கும்போது போன் அனுப்புவது முதல் டெல் முகவரிக்கு அல்ல. முதல் பேச்சில் சர்வர் திருப்பி அனுப்பச் சொல்லிக் கொடுத்த சிப் முகவரிக்கு. அந்த இடத்தில் டெல் இருக்கவே கூடாது, சிப் அல்லது அதன் பாதுகாப்பு வடிவமான சிப்ஸ்தான் இருக்க வேண்டும் என்பது 3261இன் விதி. நியாயம்தான், ஊர் இல்லாத முகவரிக்குத் திருப்பி எப்படி அனுப்புவது? என் விதிகள் புதுப்பிப்பையும் பிடித்து மாற்றி எழுதிவிட்டன, 481 வந்தது, அப்படி ஒரு சந்தாவே இல்லை என்று. ஏற்கனவே நடக்கும் சந்தாவுக்குள் வரும் செய்தி என்றால் கைவைக்காதே என்று மேலே ஒரு நிபந்தனை போட்டேன். அதற்குப் பிறகு இந்த ஒரு வருடத்தில் விளக்கு பொய் சொன்னதாக அக்கா ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. சந்தாவுக்கும் பாஸ்வேர்டு கட்டாயம் என்று வைத்திருக்கிறேன். யார் எப்போது யாரோடு பேசுகிறார்கள் என்பது ஆஸ்பத்திரியில் வெளியே போகக் கூடாத செய்தி.

வாய்ஸ்மெயில் விளக்குக்கும் இதே சந்தா முறைதான், இதே விதியில் அதுவும் சரியாகிவிட்டது.

யாருக்கு இது ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். திரையில் பட்டனை அழுத்தி அமைக்கிற வசதி கமைலியோவோடு வராது. ஒரு நீளமான அமைப்புக் கோப்பு, அதில் நிரல் எழுதுகிற மாதிரி எழுத வேண்டும். சிப் செய்திகளைப் படிக்கத் தெரியாமல் இதில் இறங்கினால் திணறுவீர்கள். எனக்கே முழுதாகப் பிடிபட ஆறு வாரம் ஆயிற்று. ஆவணங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் தொகுதிக்குத் தொகுதி தனித்தனியாக. ஐந்து போன் உள்ள கடைக்கு இது வேண்டாம். ஆஸ்டரிஸ்க் மட்டும் வைத்து, மூன்று இலக்க நம்பரிலேயே விளக்கைக் கட்டிவிடுங்கள், டெல் பக்கமே போக வேண்டாம். இரண்டு கட்டடம், வெளி நம்பர், வெவ்வேறு கம்பெனி போன்கள் என்று கலந்து வரும் இடத்துக்குத்தான் கமைலியோ. அந்த மாதிரி இடத்துக்கு நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைகிற அரை, அந்தக் கோப்பைப் புதுப் பையன் ஒருவனிடம் ஒப்படைக்க முடியாமல் நானே கட்டி அழுகிறதற்கு.

வாடகைச் சேவை எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பட்டனில் கோடு போட்ட டெல் முகவரி, இன்னொன்றில் கோடில்லாத சிப் முகவரி, இரண்டும் ஒரே நம்பருக்கு. அந்த நம்பரில் யாரையாவது பேசச் சொல்லுங்கள். இரண்டு விளக்கும் சேர்ந்து சிவந்தால் வாங்கலாம். ஒன்று பச்சையாகவே நின்றால், கூப்பிட்டால் மணி அடிக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிறகு போனை ஒன்றேகால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

இப்போது உடுமலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளை திறக்கிறார்கள். அங்கே குறியீடு 04252, அங்கேயும் ஒரு 101 இருக்கும், அது பார்மசி. முழு நம்பரே முகவரி என்று வைத்ததால் இரண்டு 101க்கும் சண்டை வராது; விதியில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அக்கா ஏற்கனவே வலது ஓரத்தில் நாலு பட்டனைக் காலியாக வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, மேலே பேனாவால் "உடுமலை" என்று எழுதி வைத்திருக்கிறார்.